கரைக்குப் பின்னால் ஒரு படகுத்துறை

பட்டுக்கோட்டைப் பக்கம், கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் வந்து நிரம்பும் எங்கள் ஏரியில் படகுத்துறை வரப்போகிறது என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. முப்பது வருடம் ஓவர்சியராக ஏரிக்கரைகளில் நடந்தவன். கரையை வெட்டிப் படி இறக்கி, மேலே ஒரு கான்கிரீட் அன்னத்தை உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பேரனுடன் போனால், கட்டடம் எங்கே என்று தேடவேண்டியிருந்தது. அதற்கே பாதி மதிப்பெண் கொடுத்துவிட்டேன்.

கரையில் ஒரு மண்வெட்டி படவில்லை. உட்சரிவைத் தாண்டித் தூண் நிறுத்தியிருக்கிறார்கள். கூரை உச்சி கரையைவிட இரண்டடிதான் உயரம். காலையில் நடக்கிறவர்களுக்கு ஏரி முழுதாகத் தெரிகிறது. நாலு பக்கமும் சரியும் ஓட்டுக் கூரை, ஓரத்து ஓடுகளெல்லாம் சாந்தில் பதித்தவை. 2018 நவம்பரில் கஜா அடித்த இரவில் தகரக் கூரைகள் பறந்ததைக் கண்டவன் நான். இந்தச் சரிவில் காற்று முட்டி நிற்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும்.

படகு ஏறும் மேடையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். எங்கள் ஏரி நிறைவதும் வற்றுவதும் அந்தக் கணக்கில்தான். கல்லில் மேடை கட்டினால் ஐப்பசியில் முழுகும், பங்குனியில் அந்தரத்தில் நிற்கும். இவர்கள் பீப்பாய்களின் மேல் பலகை அடித்து மிதக்கவிட்டிருக்கிறார்கள். திருவாரூர்க் கமலாலயத்துத் தெப்பமும் பீப்பாய்களின் மேல்தான் மிதக்கிறது என்று பேரனிடம் சொன்னேன். "தாத்தா, மிதிபடகு காலியாகிவிட்டது" என்றான்.

டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கு மட்டும் ஏன் ரோஜா நிறம்? அதன்மேல் ஃபிளெக்ஸ் பலகை வேறு. போகட்டும், வெயிலில் இரண்டும் வெளுத்துவிடும்.

பொறுக்க முடியாதது வேறொன்று. மேடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பெண்கள் குளிக்கும் படித்துறை இருக்கிறது. படகுகள் அதன் வாயிலேயே திரும்புகின்றன. நாங்கள் போனபோது துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. குறுக்கே ஒரு கயிறு கட்டி நாலு மிதவை போட்டால் தீர்ந்தது. டிக்கெட் கொடுத்த தம்பியிடம் சொன்னேன். "மேலே சொல்கிறேன் ஐயா" என்றான். என் வேலைக்காலத்தில் நானும் எத்தனை விவசாயிகளுக்கு இதே பதிலைச் சொல்லியிருக்கிறேன்! அதனால் அடுத்த வாரம் கயிற்றை நானே வாங்கிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.