சின்ன நாயும் கோடை விடுமுறையும்: கூட்டிப்போவதா, விட்டுப்போவதா?

தாம்பரத்திலிருந்து கொடைக்கானலுக்கு மே மாதத்தில் குடும்பத்தோடு போவது என்று முடிவானதும், ஜூலியை என்ன செய்வது என்பதில் வீடு மூன்று கட்சியாகப் பிரிந்தது. ஜூலி ஆறு கிலோ எடையுள்ள வெள்ளை நாய். எட்டு வயது. பொமரேனியன் என்று சொல்லித்தான் வாங்கினோம். இங்கே அந்தப் பெயரில் விற்கப்படும் பெரும்பாலான நாய்களைப் போல அதுவும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். காரில் கூட்டிப்போயே ஆகவேண்டும் என்றாள் மகள். பணம் வாங்கிக்கொண்டு நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் போர்டிங்கில் விடலாம் என்றார் கணவர். வீட்டிலேயே ஆள் வைத்து விட்டுப்போவது என் கட்சி. என் கட்சி வென்றது. ஆகவே இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் இருக்க வேண்டும், பழகிய உணவையே கொடுக்க வேண்டும் என்பவை மூன்று வழிக்கும் பொது. நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். "சின்ன நாய்தானே, மடியில் உட்கார்ந்து வந்துவிடும்" என்று எல்லோரும் சொல்வார்கள். மடியில் வரும், அதில் சந்தேகமில்லை. போய்ச் சேர்ந்த பிறகுதான் கேள்வியே ஆரம்பிக்கிறது.

அந்தக் கேள்வி இது: பகல் பதினொரு மணி முதல் மாலை நான்கு மணி வரை நாய் எங்கே இருக்கும்?

விடுதியில் நாய்க்கு அனுமதி உண்டா என்றுதான் எல்லோரும் தொலைபேசியில் விசாரிக்கிறார்கள். உண்டு என்று சொல்லும் விடுதிகள் இப்போது கொடைக்கானலில் கிடைக்கின்றன. ஹோம்ஸ்டேக்களில் இன்னும் எளிது. அடுத்த கேள்வியையும் கேளுங்கள்: நாயை அறையில் தனியே விட்டுவிட்டு நாங்கள் வெளியே போகலாமா? நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் கூடாது என்றார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புது இடத்தில் பூட்டிய அறைக்குள் ஸ்பிட்ஸ் சும்மா இருக்காது. தாழ்வாரத்தில் யார் நடந்தாலும் குரைக்கும். பக்கத்து அறைக்காரர்களும் விடுமுறைக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

சரி, கூடவே கூட்டிப்போகலாம் என்றால், நம் சுற்றுலாவின் அட்டவணையை ஒருமுறை எழுதிப் பாருங்கள். குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குள் நாய் போக முடியாது. பேரிஜம் ஏரி வனத்துறையின் அனுமதி வாங்கிப் போக வேண்டிய காட்டுப்பகுதி. வீட்டு நாய்க்கு அங்கே வேலை இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் உணவகத்தில் நாய் என்றாலே முகம் சுளிப்பார்கள். நாம் சுற்றுலா என்று சொல்வதில் பாதி கோயில், மீதியில் பாதி சாப்பாடு. இரண்டிலும் நாய் வாசலோடு நிற்க வேண்டும்.

வாசலில் நிற்பது என்றால் யாராவது ஒருவர் கூட நிற்க வேண்டும். காரில் விட்டுவிட்டுப் போவதை ஒரு வழியாகவே நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மலையில் குளிர்தானே என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு: வெளியே 22 டிகிரி செல்சியஸ் இருந்தாலும், வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைப்பதால் பெரிய மாற்றம் வருவதில்லை. நாய்க்கு நம்மைப்போல் உடம்பு முழுக்க வியர்க்காது; நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அதன் இயல்பான உடல் வெப்பமே 38, 39 டிகிரி. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. இடைவெளி அவ்வளவுதான்.

ஆகவே நாயோடு போகும் குடும்பத்தில் பகல் முழுவதும் ஒருவர் காவல். மாறி மாறிப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பும்போது சொல்வார்கள். அந்த ஒருவர் யார் என்பது எல்லா வீட்டிலும் கிளம்பும் முன்பே தெரியும். எங்கள் வீட்டில் அது நான்தான்.

போகும் வழியிலும் இதே நடுப்பகல் குறுக்கே வரும். தாம்பரத்திலிருந்து விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக ஐந்நூறு கிலோமீட்டர். கத்திரி வெயிலில் திருச்சியைத் தாண்டும்போது உச்சிப்பொழுது ஆகிவிடும். காருக்குள் ஏசி இருக்கிறது. நாயைச் சிறுநீர் கழிக்க இறக்கும் தார்ச்சாலைக்கு ஏசி கிடையாது. அதன் பிறகு மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும் நாய்கள் நிறைய. கிளம்பும் முன் நான்கு மணி நேரம் உணவு கொடுக்காமல் இருப்பது, மருத்துவரிடம் கேட்டு வாந்திக்கான மாத்திரை கொடுப்பது இரண்டும் பலன் தரும் என்கிறார்கள். ஜூலி மகாபலிபுரம் வரையில்தான் காரில் வந்திருக்கிறது என்பதால், மலைப்பாதையில் அது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல முடியாது. முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொள்வது மட்டும் வேண்டாம். ஏர்பேக் விரிந்தால் ஆறு கிலோ உயிர் தாங்காது. பின் இருக்கையில், சீட் பெல்ட்டோடு இணைக்கும் உடல்வாரில் (ஹார்னஸ்) இருக்கட்டும்.

ரயில் இந்த வெயிலுக்கு நல்ல மாற்று. பாண்டியன் எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பி, விடியும் முன்பே மலையடிவாரப் பக்கத்துக் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறக்கிவிடும். விதியும் தெளிவாக இருக்கிறது. ஏசி முதல் வகுப்பில் இரண்டு படுக்கை உள்ள கூப்பேயோ நான்கு படுக்கை உள்ள கேபினோ முழுவதும் நம் பெயரில் இருந்தால் நாய் நம்மோடு வரலாம். ஏசி இரண்டடுக்கு, மூன்றடுக்கு, ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் முடியாது. இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டு. வளர்த்த நாயை அதில் ஏற்ற எனக்கு மனம் வராது. நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் கட்டணம் கட்டி, தடுப்பூசி அட்டையும் மருத்துவரின் உடல்தகுதிச் சான்றிதழும் காட்ட வேண்டும். இதெல்லாம் செய்துவிடலாம். ஆனால் கூப்பே நமக்குத்தான் என்பது டிக்கெட் எடுக்கும்போது உறுதியாவதில்லை. ரயில்வேக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு, சார்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும். எங்களைப் போன்ற மூன்று பேர் என்றால் நான்காவது படுக்கைக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். விமானம் எனக்குப் பழக்கமில்லாத துறை. ஆகாசா ஏர் 2022 நவம்பர் முதல் சிறு நாய்களைக் கேபினில் ஏற்றுகிறது, இண்டிகோ ஏற்றுவதில்லை, எடைக்கணக்கில் கூண்டும் சேரும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கூட்டிப்போவதன் இன்பத்தை நான் மறுக்கவில்லை. இரட்டை மயிர்ப்போர்வை உள்ள ஸ்பிட்ஸுக்குச் சென்னை வெயில் தண்டனை, மலைக்குளிர் கொண்டாட்டம். மாலையில் ஏரியைச் சுற்றி அது ஓடுவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் கொடைக்கானலில் காட்டுமாடுகள் ஊருக்குள்ளேயே உலவுகின்றன. தன் எடை என்ன என்பது ஜூலிக்குத் தெரியாது. காட்டுமாட்டைப் பார்த்தும் குரைக்கும். நீலகிரி, வால்பாறைப் பக்கம் போகிறவர்களுக்குச் சிறுத்தை என்ற கவலையும் சேரும். அங்கே வீட்டு வாசலில் கிடக்கும் நாயையே தூக்கிப்போகிறது.

போர்டிங்கைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. சில இடங்களைப் போய்ப் பார்த்தேன். ஜூலியை அங்கே தங்கவைத்ததில்லை. நல்ல இடங்கள் இருக்கின்றன. தடுப்பூசி அட்டையைக் கேட்காமல் நாயை ஏற்றுக்கொள்ளும் இடத்தை அந்த நிமிடமே தள்ளிவிடலாம், ஏனென்றால் பக்கத்துக் கூண்டு நாயிடமும் அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். வரவேற்பறையை மட்டும் காட்டினால் போதாது, இரவில் நாய் படுக்கும் இடத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். பல நாய்கள் சேரும் இடத்தில் கென்னல் காஃப் என்னும் தொற்று இருமல் எளிதில் பரவும். அதற்கான தடுப்பூசி வழக்கமான ஆண்டுத் தடுப்பூசியில் பெரும்பாலும் சேராது. தனியே, சில நாட்கள் முன்பே போட வேண்டும். உண்ணி ஒன்று ஏறினாலும் உண்ணிக்காய்ச்சல் வரை போகலாம். மே மாதத்திலும் தீபாவளியிலும் இடம் கிடைப்பதே பெரும்பாடு. கூட்டம் அதிகமாகும் அந்த நாட்களில்தான் கவனிப்பு குறையும் என்பது என் ஊகம். துறுதுறுவென்று மற்ற நாய்களோடு விளையாடும் இளம் நாய்க்கு இது வீட்டைவிட நன்றாகவே அமையலாம். தெரு நாயைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போகும் நாய்க்கு அமையாது.

இனி என் கட்சி. வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்கும். ஜூலியின் தூக்கம் பெரும்பாலும் பகலில்தான். காலை நடையும் சாப்பாடும் முடிந்தால், சமையலறை வாசலில் மொசைக் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்து நான்கு மணிக்குத்தான் எழும். நாங்கள் வேலைக்குப் போகும் நாட்களிலும் அப்படித்தான். கொடைக்கானலில் விடையே கிடைக்காத அந்த ஐந்து மணி நேரத்துக்கு வீட்டில் கேள்வியே எழுவதில்லை. காலையும் மாலையும் இரவும் மட்டும் ஆள் வேண்டும்.

ஆள் யார் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: நாய்க்கு ஏற்கெனவே தெரிந்தவராக இருக்க வேண்டும். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் செல்வி அக்கா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஜூலி வாலை ஆட்டிக்கொண்டு போய் நிற்கும். காலையும் மாலையும் அவர் பார்த்துக்கொண்டார். இரவில் என் சித்தி மகன் வந்து தங்கினான். அவனுக்கும் தேர்வுக்குப் படிக்க அமைதியான வீடு கிடைத்தது. கிளம்பும் முன், நாங்கள் ஊரில் இருக்கும்போதே ஓர் இரவு அவனை இங்கே படுக்கவைத்துவிட்டு உறவினர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். ஜூலி கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக் கிடந்தது, பிறகு அவன் கட்டிலுக்குக் கீழே தூங்கிவிட்டது என்றான்.

சம்பள விஷயத்தை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். "கொஞ்சம் பார்த்துக்கோங்க அக்கா" என்று சாவியைக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து ஹோம்மேட் சாக்லேட் ஒரு பொட்டலம் கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். அது நியாயமில்லை. இது கூடுதல் வேலை, அதுவும் பொறுப்பான வேலை. போர்டிங்கில் ஒரு நாளைக்குக் கேட்ட தொகையை விசாரித்துவைத்துக்கொண்டு அதையே நாள் கணக்கில் செல்வி அக்காவுக்குக் கொடுத்தோம். அதனால் இந்த வழி எங்களுக்கு மலிவாக இல்லை. மலிவுக்காக இதைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை.

வீட்டில் விடுவதிலும் ஆபத்து உண்டு, அது முக்கியமாகக் கேட்டில்தான் இருக்கிறது. சிலிண்டர் வருகிறது, கூரியர் வருகிறது, பழக்கமில்லாதவர் கேட்டை அகலத் திறக்கிறார், சின்ன நாய் காலுக்கு இடையில் புகுந்து தெருவுக்குப் போய்விடுகிறது. எங்களைத் தேடும் நாய் என்றால் இன்னும் வேகமாகப் போகும். அதனால் அந்த நாட்களில் சிலிண்டர் பதிவு இல்லை, பார்சல் இல்லை, நாய் உள்ளே கதவடைத்த பிறகே கேட்டைத் திறப்பது என்று வைத்துக்கொண்டோம். சாப்பாட்டு விஷயத்தில் தாளில் எழுதி ஒட்டினேன்: வெங்காயம் கூடாது, சாக்லேட் கூடாது, திராட்சை கூடவே கூடாது. கடைசியது பலருக்குத் தெரிவதில்லை. பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சின்ன நாய்க்குச் சில பழங்களே அதிகம். பாசத்தில் கொடுக்கும் ஒரு கரண்டி கேசரிதான் பயம். வழக்கமாகப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் யார் கூட்டிவருவார்கள் என்பதைச் சொல்லி, கொஞ்சம் முன்பணமும் கொடுத்துவைத்தோம்.

முதல் நாள் சரியாகச் சாப்பிடாது. நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த நாய் ஒரு வேளை, இரண்டு வேளை மறுத்தால் பதற வேண்டியதில்லை. சிவாவா போன்ற மிகச் சிறிய இனக் குட்டிகளுக்கு இது பொருந்தாது. அவற்றுக்குப் பட்டினியில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அப்படிப்பட்ட குட்டி இருக்கும் வீட்டுக்கு நான் சொல்லும் ஏற்பாடு சரிவருமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மகளின் வாதம் ஒன்றுக்கு என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை. பூனைக்குத்தான் வீடு முக்கியம், நாய்க்கு ஆள்தான் முக்கியம் என்கிறாள். ஆள் கண்ணில் இல்லையென்றால் கதவைச் சுரண்டி, விடாமல் ஊளையிடும் நாய்கள் இருக்கின்றன. அவற்றை மொசைக் தரை சமாதானப்படுத்தாது. அந்த வீட்டுக்காரர்கள் இடத்தைச் சுற்றிப்பார்க்கும் ஆசையைக் குறைத்துக்கொண்டு கூட்டிப்போவதே மேல். ஜூலி அந்த ரகமில்லை. தினமும் மாலையில் வீடியோ அழைப்பில் அதனோடு பேச வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். குரல் கேட்டு, ஆளைக் காணாமல், ஜூலி வீடு முழுக்கத் தேடியது என்று சித்தி மகன் சொன்னதும் அதை நிறுத்திவிட்டோம். புகைப்படம் மட்டும் வந்தது.

அடுத்து ஆயுத பூஜை விடுமுறையில் காரைக்குடிக்கு மாமியார் வீட்டுக்குப் போகிறோம். அங்கே முற்றம் இருக்கிறது, வளவில் நாள் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள், மதியம் நாங்களும் எங்கும் போவதில்லை. அந்தப் பயணத்துக்குப் பின் இருக்கையில் ஜூலிக்கு இடம் உண்டு.