எட்டு இன்ச் டாப்சோனியன்: பஞ்சு பார்க்க ஒரு தொலைநோக்கி

சுழலும் பலகை அடிப்பாகத்தில் நின்று கையால் திருப்பும் இந்த டாப்சோனியன் தொலைநோக்கியை வாங்கி இரண்டு வருடம். கண்ணாடியின் விட்டம்தான் அந்த எட்டு இன்ச். குவியத் தூரம் 1200 மி.மீ., கூடவே ஒரு 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்). நிலாவையும் சனி வளையத்தையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் ஏப்ரல் அமாவாசைக்கு இதை ஜவ்வாது மலைக்குத் தூக்கிப்போய்க் கன்னி ராசிப் பக்கம் தெரியும் கேலக்ஸிக் கூட்டத்தைப் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் குறை. பார்ட்டிகிள் போர்டு அடிப்பாகம் மூலை உடைந்து வந்தது. விற்றவர் மாற்றித்தர ஒரு மாதம் இழுத்தடித்தார். இன்னொன்று நம் ஊருக்கே உரிய தொல்லை. கன்னிக் கூட்டம் இங்கே சரியாக உச்சந்தலைக்கு மேலே வரும். குழாய் நெட்டுக்குத்தலாக நின்றால் டாப்சோனியன் சண்டித்தனம் செய்யும்; இம்மி நகர்த்த அரை வட்டம் சுற்ற வேண்டும். 9 மணிக்கே பார்த்துவிடுங்கள், 11 ஆனால் மல்லுக்கட்டுதான்.

48 மடங்கில் அந்தக் கூட்டத்தின் எம்84, எம்86 என்ற இரண்டு கேலக்ஸிகளும் ஒரு முகத்தின் கண்களாக ஒரே வட்டத்தில் தெரிந்தன. மூக்காக என்ஜிசி 4387, வாயாக 4388. அக்கா மகன் எட்டிப்பார்த்துவிட்டு, "மாமா, எல்லாம் ஒரே பஞ்சு மாதிரி இருக்கு. இதுக்கா 60,000?" என்றான்.

பாதிப் பழி தொலைநோக்கிக்கு, மீதி அந்தக் கேலக்ஸிகள் குடியிருக்கும் இடத்துக்கு. 5.4 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கும் அந்தக் கூட்டத்தில் கேலக்ஸிகளுக்கு நடுவே கோடிக்கணக்கான டிகிரியில் வாயு நிறைந்திருக்கிறது. சுருள் கேலக்ஸி ஒன்று அதற்குள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்தால், பைக்கில் போகிறவர் தோள்துண்டு பறப்பதுபோல அதன் வாயு பிய்த்துக்கொண்டு போகும். விண்மீன்கள் அசையாது. ஆனால் வாயு போனால் புது விண்மீன் ஏது? நீல விண்மீன்கள் சீக்கிரம் அணைந்துவிட, சுருள் கைகள் மங்கிப்போகும். 1972-லேயே கன் (Gunn), காட் (Gott) என்ற இரண்டு வானியலாளர்கள் இதைக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அந்த வாய் இருக்கிறதே, 4388, அதற்கு 3 லட்சம் ஒளியாண்டுக்கு மேல் நீளும் ஹைட்ரஜன் வால் உண்டு; ரேடியோ தொலைநோக்கிக்கு மட்டும் தெரியும். கண்கள் இரண்டும் பல கேலக்ஸிகள் மோதிச் சேர்ந்து உருண்டவை, அது தனிக்கதை.

அப்புறம் எம்51 என்ற சுருள் கேலக்ஸிக்குத் திருப்பினேன். அது இந்த நெரிசலில் சிக்காதது. ஓரக்கண்ணால் பார்த்தபோது சுருள் லேசாகத் தெரிந்தது. பையன் பத்து நிமிடம் ஐபீஸை விடவில்லை.

நாலு ஸ்டார். ஒன்றைக் குறைத்தது அந்தப் பலகைக்காக.