தஞ்சையில் ஊருக்குள் பழைய வீடா, புறநகர் மனையா?

தஞ்சாவூரில் சொந்த வீடு தேடுகிறவர் முன்னால் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. ராஜவீதிகளை ஒட்டிய சந்துகளிலும் கீழவாசல் பக்கமும் பழைய வீடு ஒன்றை வாங்கலாம். வல்லம், திருச்சி சாலைப் பக்கத்துச் செம்மண் மேட்டில் மனை பார்க்கலாம். இல்லையென்றால் கும்பகோணம் சாலை, திருவையாறு சாலை வழியாக நஞ்சையாக இருந்து மனையாக மாறிய இடங்கள் உண்டு. நான் எடுத்தது மேட்டு மனை. அந்தப் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன்.

சதுர அடி விலை, பள்ளி வேன், பேருந்து வசதி எல்லாம் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும் கணக்கு. வீட்டுக்கு வெளியே மழைத்தண்ணீரும் வீட்டுக்குள்ளிருந்து கழிவுநீரும் எங்கே போய்ச் சேரும் என்ற கணக்கைத்தான் பலர் போடுவதில்லை. டெல்டாவில் வீட்டின் ஆயுளையும் பராமரிப்புச் செலவையும் முடிவு செய்வது அதுதான்.

முதலில் ஊருக்குள். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கும் தெருவில் செப்டிக் டேங்க் தொல்லை கிடையாது. கடை, மருத்துவமனை எல்லாம் நடை தூரம். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயமல்ல. குறை என்னவென்றால், நீளவாக்கில் போகும் பழைய வீடுகளில் பெரும்பாலும் பக்கச்சுவர் பொதுச்சுவர்; இடித்துக் கட்டும்போது பக்கத்து வீட்டோடு பேச்சு வளரும். கார் நிறுத்த இடம் இருக்காது. பெரிய கோயிலை ஒட்டியிருந்தால் தொல்லியல் சட்டமும் வரும்: பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். தாராசுரத்திலும் இதே நிலைதான். கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற ஊர்களில் அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருந்து, கட்டடம் மட்டும் கைமாறும் வீடுகள் நிறைய உண்டு. அதற்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, தரை யார் பெயரில் இருக்கிறது என்பதைக் கேட்டுவிட வேண்டும்.

நஞ்சை மனைதான் கண்ணை ஏமாற்றும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும். இடையில் வரும் நான்கைந்து மாதம் வாய்க்கால் காய்ந்து, வயல் கட்டாந்தரையாகக் கிடக்கும். கொடி கட்டி, கல் நட்டு, மனை காட்ட அது தோதான காலம். அதே இடத்தை கார்த்திகையில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். மனையில் கோரையும் சம்பும் முளைத்திருந்தால் அங்கே தண்ணீர் நிற்கிறது என்று பொருள். சித்திரை வெயிலில் கட்டை விரல் நுழையும் அளவுக்கு நிலம் வெடித்திருந்தால், அது ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண்.

அந்த மண்ணில் கட்டவே முடியாது என்பதில்லை, செலவு கூடும். 30க்கு 40 மனையை 3 அடி உயர்த்த 3,600 கன அடி, அதாவது 36 யூனிட் கிராவல் வேண்டும். அமுங்குவதையும் சேர்த்தால் 45 யூனிட் வரை போகும். 3 யூனிட் டிப்பரில் 15 நடை. மொத்தமாகக் கொட்டி மேலே நிரவினால் போதாது. முக்கால் அடிக்கு ஒருமுறை நிரவி, தண்ணீர் விட்டு, இடித்து, அதற்குமேல்தான் அடுத்த அடுக்கு. முடிந்தால் ஒரு மழைக்காலம் கடக்கவிட்டுக் கட்டுங்கள். வீட்டின் அஸ்திவாரமான கடைக்கால், கொட்டிய மண்ணில் நிற்கவே கூடாது. அதைத் தாண்டிப் பழைய நிலத்துக்குள் இறங்க வேண்டும். களி ஆழமாக இருந்தால் சுமார் 3.5 மீட்டருக்கு இறங்கும் அடி அகன்ற பைல், அதாவது மண்ணுக்குள் வார்க்கும் கான்கிரீட் தூண் போட்டு, மேலே பீம் கட்டி, பீமுக்கு அடியில் 3 அங்குல இடைவெளி விட வேண்டும். மண் உப்பும்போது பீமைத் தூக்காமல் இருக்க அந்த இடைவெளி. இதை மிச்சம் பிடித்த வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். போர்ட்டிகோ தரை இறங்கி வீட்டைவிட்டுப் பிரியும்.

இதையும்விடப் பெரிய தலைவலி கழிவுநீர். பாதாளச் சாக்கடை வராத ஊராட்சிப் பகுதியில் செப்டிக் டேங்கும், அதிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் உறிஞ்சவிடும் உறைக்குழியும்தான் வழி. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் உறைக்குழியின் அடிக்கு மேல் ஏறிவிட்டால் குழி எதையும் உறிஞ்சாது. கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நிற்கும். அப்போது லாரி வைத்துத் தொட்டியை முழுக்கக் காலி செய்வது ஆபத்து. வெளியே நீர் அழுத்தம் இருக்க, காலித் தொட்டி மேலே கிளம்பும், குழாய் முறியும். மழைக்கு முன்பே, ஆவணியில், எடுத்துவிட வேண்டும். குடிதண்ணீர் எடுக்கும் போருக்கும் (ஆழ்துளைக் கிணறு) உறைக்குழிக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்பார்கள். 30க்கு 40 மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான்! பக்கத்து மனைக்காரர் குழி எங்கே வருகிறது என்பது வேறு. அங்கே ஆழமில்லாத போர்த் தண்ணீரைப் பரிசோதிக்காமல் குடிக்காதீர்கள்.

செம்மண் மேட்டை நான் விரும்புவது இதனால்தான். சரளை கலந்த கெட்டி மண்ணில் நான்கைந்து அடிக் கடைக்கால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். மழை நின்றதும் தண்ணீர் ஓடிவிடும். உறைக்குழி மழைக்காலத்திலும் வேலை செய்யும். வாங்கும் முன் நீங்களே சோதிக்கலாம். ஒரு அடி சதுரத்தில் 3 அடிக் குழி தோண்டி, இரவு முழுக்கத் தண்ணீர் ஊறவிட்டு, காலையில் அரை அடி நீர் ஊற்றி, ஒரு அங்குலம் இறங்கும் நேரத்தைப் பாருங்கள். அரை மணிக்குள் இறங்கினால் நல்லது. ஒரு மணிக்கு மேல் போனால் அங்கே உறைக்குழியை நம்ப வேண்டாம்.

மேட்டுக்கும் குறை உண்டு. போர் ஆழமாகப் போக வேண்டும். கோடையில் தண்ணீர் நிற்குமா என்பதைப் பக்கத்தில் நாலு வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும். கூரைத் தண்ணீரைப் போருக்குள் திருப்பிவிடும் வேலையை வீடு கட்டும்போதே முடித்துவிடுங்கள். பின்னால் செய்தால் தரையை உடைக்க வேண்டிவரும்.

எந்தப் புறநகராக இருந்தாலும் காகிதத்தில் தப்பக் கூடாதது புலப்படம், அதாவது சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம். நஞ்சையில் பாய்ச்சல் வாய்க்கால், வடிகால் வாய்க்கால் இரண்டுமே அதில் கோடாக இருக்கும். தரையில் அந்த வடிகால் இன்னும் திறந்திருக்கிறதா, மனைப்பிரிவின் சாலைக்கு அடியில் குழாயாகச் சுருங்கிவிட்டதா, தூர்த்தே விட்டார்களா என்று நடந்து பாருங்கள். மேல்மடை வயல்களில் நடவு நடக்கிற வரைக்கும் அந்தத் தண்ணீர் கீழே வந்தே தீரும். வடிகாலை அடைத்தால் உங்கள் வாசலில்தான் நிற்கும். கூடவே டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதியையும், மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவையும் பாருங்கள். அனுமதியில்லாத பிரிவு என்றால், 20.10.2016-க்கு முன் கிரயமாகி, பின்னர் அரசால் முறைப்படுத்தி வரன்முறை ஆனதா என்று கேளுங்கள்.

மறுவிற்பனை பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஊருக்குள் உள்ள வீடு தெளிவான பத்திரத்தோடு இருந்தால் சீக்கிரம் விலைபோகும் என்பதே என் எண்ணம். நஞ்சையில் ஏற்கெனவே மனை வாங்கிவிட்டவர்கள் விற்றுவிட்டு ஓட வேண்டியதில்லை. சாலையின் நடுமேட்டிலிருந்து 3 அடி உயரத்தில் பேஸ்மட்டம் (வீட்டின் தரைமட்டம்) வைத்து, செப்டிக் டேங்கைச் சுற்றிலும் கான்கிரீட்டால் எடை ஏற்றி, தெருவில் நாலு வீட்டுக்காரர்களாகச் சேர்ந்து ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் வடிகாலைத் தூர்வாரிவிட்டால், நல்லபடியாகக் குடியிருக்கலாம்.