75 மைக்ரான் கிளியரன்ஸ், 38,000 கி.மீ.: மூணாவது சிலிண்டர் இன்னும் அடிக்குது

கோவிந்தாபுரம் நண்பர் கேட்டது இது: "ஃபோர்ஜ்டு பிஸ்டன் வந்துருச்சுங்ணா. லேத்துல கம்பெனி கிளியரன்ஸே போதும்ங்கறாங்க. நீங்க எவ்வளவு வெச்சீங்க, இப்ப எப்படி ஓடுது?" ஹெட் கேஸ்கட் கசிவுக்காக எஞ்சினைத் திறந்திருக்கும் நேரம். நாலு பிஸ்டனும் மேஜை மேல் இருக்கின்றன. இப்போதே அளந்து எழுதிவிடுவது நல்லது.

வண்டி பழைய மாருதி எஸ்டீம், ஜி13 குடும்பத்து 1.3 எஞ்சின். அலுமினிய பிளாக், உள்ளே வார்ப்பிரும்பு லைனர். போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 74 மி.மீ.யிலிருந்து 74.50-க்கு ஏற்றியது. பிஸ்டன் 2618 என்ற எண் கொண்ட அலுமினிய அலாய், டர்போ இல்லை. கம்பெனி புத்தகத்தில் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடைவெளி, அதாவது கிளியரன்ஸ், 0.02 முதல் 0.04 மி.மீ. இந்த எஞ்சினில் வைத்தது 0.075, பட்டறைப் பேச்சில் மூணு தவ் (ஒரு தவ் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று). மூன்று சிலிண்டர் அப்படியே வந்தன, மூணாவது மட்டும் 0.09. மூன்று வருடமாகத் தினமும் காலையில் காதில் விழுவது அந்தக் கூடுதல் 15 மைக்ரான்தான் (0.015 மி.மீ.).

கேள்விக்கு நேரடிப் பதில்: கம்பெனி கிளியரன்ஸ் கம்பெனி பிஸ்டனுக்கு. அதில் சிலிக்கான் உண்டு, சூட்டில் குறைவாக விரியும். 2618-இல் சிலிக்கான் கால் சதவீதம்கூடக் கிடையாது. 74.5 மி.மீ. பிஸ்டன் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 16 மைக்ரானுக்கு மேல் பெருக்கும். இரும்பு லைனர் அதே 10 டிகிரிக்கு 8 மைக்ரான்தான். வார்ப்புக்குள் இருப்பதால் அலுமினிய பிளாக் அதைக் கொஞ்சம் கூட இழுக்கும், அவ்வளவே. 0.03 வைத்து ஆழியாறு தாண்டி வால்பாறை ஏற்றத்தில் 40 கொண்டை ஊசி வளைவும் மிதித்து ஏறினால் ஸ்கர்ட் (பிஸ்டனின் கீழ்ப் பக்கச் சுவர்) சிலிண்டர் சுவரைப் பிடிக்கும். பிடித்த தடம் பெரும்பாலும் பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் உருளை) துளையின் இரு பக்கமும் நாலு மூலையாக விழும், அந்த இடத்தில்தான் உலோகம் கனம். அதைப் பார்த்தால் ஆயிலைக் குறை சொல்ல வேண்டாம், இடைவெளியைப் பாருங்கள்.

இன்னொரு அலாய் 4032. அதில் சிலிக்கான் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும். விரிவும் குறைவு, 10 டிகிரிக்கு 14 மைக்ரான் சொச்சம். அதனால் 0.05 அளவில் இறுக்கமாக வைக்க இடம் உண்டு. டெட்டனேஷன் (எரிவாயு கட்டுக்கடங்காமல் வெடிப்பது) வந்தால் 2618 வளைந்து தாங்கும், 4032 விரிசல் விடலாம். தேர்வு முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. பிஸ்டனோடு வரும் அட்டையில் எந்த அலாய், எந்த உயரத்தில் அளக்க வேண்டும், டர்போ இருந்தால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று போட்டிருக்கும். அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு லேத்தில் கேட்காதீர்கள்.

இனி அந்தப் 15 மைக்ரான் எப்படி வந்தது என்பது. ஹோனிங் (கல்லால் போரை நுணுக்கமாகத் தேய்ப்பது) செய்த பட்டறை நல்ல பட்டறைதான், மெஷினும் நல்லது. சித்திரை மாதம், ஜன்னலோரம் வரிசையாக வைத்த பிஸ்டன்களில் ஒன்றின் மேல் வெயில். சுற்றி இருப்பதைவிட வெறும் 9 டிகிரி கூடினாலே அந்த பிஸ்டன் 15 மைக்ரான் பெரிதாக அளவு காட்டும். அந்த அளவுக்கு 0.075 கூட்டி போரைத் தேய்த்தாயிற்று. பிஸ்டன் ஆறியதும் இடைவெளி 0.09. தேய்த்த போரை யாரும் திரும்ப ஒட்ட முடியாது. கோபம் வருவது இங்கேதான்: ஒரு மணி நேரம் நிழலில் பிளாக் பக்கத்திலேயே வைத்திருந்தால் போதும், காசு செலவில்லாத வேலை.

தலைகீழாகவும் நடக்கும். ஹோனிங் கல் ஓடி முடித்த சூட்டோடு போரை அளந்தால் அது பெரிதாகக் காட்டும், "போதும்" என்று நிறுத்திவிடுவார்கள், ஆறியபின் இடைவெளி குறைந்திருக்கும். சத்தம் போடும் எஞ்சின் ஓடியாவது ஓடும், இது பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது தவறு பிடிபடுவதே அரிது. அட்டையில் இருக்கும் அளவு 20 டிகிரிக்கு. கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சிப் பக்கம் சித்திரையில் பட்டறைக்குள் 34 டிகிரி சாதாரணம். பிஸ்டனும் பிளாக்கும் ஒரே சூட்டில் இருந்தாலும், 34-இல் அளந்து 75 வைத்தால் 20 டிகிரியில் அது 87 ஆகிவிடும். 34-இல் அளக்கிறீர்கள் என்றால் 63 வையுங்கள். 4032-க்கு இந்த வித்தியாசம் 9 மைக்ரானை ஒட்டி வரும். கணக்கே வேண்டாம் என்றால் விடியற்காலையில் அளங்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆடி மாதக் காலை என்றால் இன்னும் நல்லது.

அளக்கும் முறையில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில. எந்த மைக்ரோமீட்டரால் பிஸ்டனை அளந்தீர்களோ, அதையே பூட்டி வைத்து அதன் வாயில் போர் கேஜை (போரின் விட்டத்தை அளக்கும் கருவி) ஜீரோ செய்யுங்கள். மைக்ரோமீட்டர் 5 மைக்ரான் தவறாகக் காட்டினாலும் இரண்டு பக்கமும் அதே தவறு என்பதால் இடைவெளி சரியாகவே வரும். பிஸ்டனை அதன் பிஸ்டன் பின்னுக்குச் செங்குத்தாக, அட்டை சொன்ன உயரத்தில் மட்டும் அளக்க வேண்டும். ஸ்கர்ட் முட்டை வடிவமும் பீப்பாய் வடிவமும் சேர்ந்தது. 10 மி.மீ. மேலே போனால் வேறு எண் வரும். ஸ்கர்ட்டில் கறுப்புக் கோட்டிங் இருந்தால் அதன் மேல் அளக்கச் சொல்கிறார்களா, கழித்துவிடச் சொல்கிறார்களா என்றும் பாருங்கள். போரை மேல், நடு, கீழ் என மூன்று உயரம், ஒவ்வொன்றிலும் இரண்டு திசை.

டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாகப் பூட்டும் கனத்த தகடு) இல்லாமல் அலுமினிய பிளாக்கை ஹோன் செய்வது வீண் வேலை. ஹெட் போல்ட்டை இறுக்கும்போது போர் வளையும், அதனால் கேஸ்கட்டும் பிளேட்டும் போட்டு, ஹெட்டுக்குச் சொன்ன அதே டார்க்கில் இறுக்கிய பிறகுதான் கல் இறங்க வேண்டும். கோயமுத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் தேடினால் பிளேட் செய்து கொடுக்க ஆள் கிடைக்கும். வேலந்தாவளம் தாண்டிப் போக வேண்டுமே என்று சலித்துக்கொண்டு பக்கத்துப் பட்டறையில் முடிக்க வேண்டாம்.

ரிங் கேப் (பிஸ்டன் ரிங்கின் இரு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி) பற்றிச் சுருக்கமாக: போர் 10 மைக்ரான் கூடினால் கேப் 31 மைக்ரான் கூடும். அதனால் ஹோனிங் முழுக்க முடிந்த பிறகே ரிங் முனையை அரத்தால் தேயுங்கள். போரைக் கழுவ மண்ணெண்ணெய் மட்டும் போதாது. சோப்பு போட்ட சுடுநீரும் பிரஷ்ஷும், பிறகு வெள்ளைத் துணியில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயில் தொட்டு, துணி வெள்ளையாகவே திரும்பும்வரை துடைக்க வேண்டும்.

இப்போது 38,000 கி.மீ.க்குப் பிறகு. பிளேட் போட்டு அளந்ததில் 1, 2, 4 சிலிண்டர்கள் 0.085, மூணாவது 0.105. லைனர் தேய்மானம் 2 மைக்ரான்தான், மீதி ஸ்கர்ட்டில் போனது. 2618 மெத்தென்ற உலோகம், இது எதிர்பார்த்ததுதான். எந்த ஸ்கர்ட்டிலும் பிடித்த தடம் இல்லை. கிராஸ் ஹேட்ச் கோடு (ஹோனிங் கல் விட்ட குறுக்கு நெடுக்குக் கீறல்) மேலிருந்து கீழ்வரை கண்ணுக்குத் தெரிகிறது. செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் நாள் முழுக்கச் சுற்றிய பிறகும் கம்ப்ரஷன் நாலிலும் சமம். 6,500 ஆர்.பி.எம். வரை தயங்காமல் இழுக்கும், ஆயில் 1,000 கி.மீ.க்கு 300 மில்லி குடிக்கும். அலாய்க்கும் வைத்த இடைவெளிக்கும் இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆனால் காலை. சித்திரையில் ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும் சத்தம் மார்கழியில் மூன்று நிமிடத்துக்கு மேல் நீடிக்கிறது. மண்பானையை விரலால் தட்டுவது போன்ற மந்தமான சத்தம், மூணாவதிலிருந்து மட்டும். அந்த சிலிண்டரின் பிளக் ஒயரை ஒரு நொடி கழற்றினால் குறையும். ஒயர் கழற்றினால் கனெக்டிங் ராடு சத்தமும் குறையும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். சூடேறச் சூடேறக் குறைந்தால் பிஸ்டன், ஆயில் இளகிய பிறகு கூடினால் ராடு. இந்த பிஸ்டனில் பின் ஆஃப்செட் கிடையாது, துளை நட்ட நடுவில். கம்பெனி பிஸ்டனில் அதைச் சற்றுத் தள்ளி வைத்திருப்பார்கள், பிஸ்டன் ஒரு பக்கச் சுவரிலிருந்து எதிர்ப் பக்கச் சுவருக்கு மாறும்போது அறையாமல் சாய்ந்து மாறும். ரேஸ் பிஸ்டனில் அந்தச் சலுகை இல்லை.

சத்தம் அடங்கும்வரை 2,500 ஆர்.பி.எம்.முக்கு மேல் போகக் கூடாது. கூலன்ட் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் சூடாக இன்னும் நேரம் எடுக்கும். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போக 20 கி.மீ. சமதளம் இருப்பதால் பிரச்சனை இல்லை. நெம்மாராவில் வீடு என்றால் போத்துண்டி அணை தாண்டியதுமே நெல்லியாம்பதி ஏற்றம் தொடங்கிவிடும், அங்கே பொறுமை வேண்டும். பால் வாங்க இரண்டு கிலோமீட்டர் போய்வரும் வண்டியாக இருந்தால் எஞ்சின் தினமும் பாதி நேரம் அடித்துக்கொண்டேதான் ஓடும், ஸ்கர்ட் தேய்வதும் அந்த நேரத்தில்தான்.

அளவுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தும் தெருவில் ஓடும் டர்போ இல்லாத வண்டிக்கு இந்த செட்டை இன்னொரு முறை வாங்க மாட்டேன். 4032, 0.05, ஆஃப்செட் உள்ளது, அவ்வளவுதான். டிராக்குக்கு மட்டும் இறங்கும் வண்டிக்கும் டர்போ வண்டிக்கும் 2618 எடுங்கள், இதே இடைவெளியில் (டர்போ என்றால் அட்டை சொன்னதைக் கூட்டி), நாலு சிலிண்டரும் ஒன்றுபோல இருக்கட்டும். கோவிந்தாபுரம் தம்பி வாங்கியது எந்த அலாய் என்று அட்டையைப் பார்த்துச் சொன்னால் எண்ணைச் சொல்லிவிடலாம்.

இந்த எஞ்சினுக்கு இப்போதைக்கு மூணாவது பிஸ்டனின் ஸ்கர்ட்டில் கனமான கோட்டிங். பக்கத்துக்கு 15 மைக்ரான் ஏறினால் இடைவெளி 0.075-க்கு இறங்கும். திரும்பி வந்ததும் முதலில் தராசில் வைத்து மற்ற மூன்றோடு எடையை ஒப்பிட வேண்டும், அளப்பது மறுநாள் விடிகாலையில்.