போக பஸ் உண்டு, திரும்ப? மதுரையைச் சுற்றி நான்கு நடைகள்

காரில் மலை பார்க்கப் போகிறவருக்கு ஒரு கட்டு உண்டு. எவ்வளவு தூரம் நடந்தாலும் வண்டியை நிறுத்திய மரத்தடிக்கே திரும்பி வந்தாக வேண்டும். பஸ்ஸில் போகிறவருக்கு அது இல்லை. ஓர் ஊரில் இறங்கி, கண்மாய்க் கரையோடு நடந்து, வேறோர் ஊரில் ஏறிக்கொள்ளலாம். ஆனால் அவருக்கு வேறொரு கவலை இருக்கிறது: ஏறுவதற்குப் பஸ் வர வேண்டும். மதுரையைச் சுற்றி நான் அடிக்கடி போகிற நான்கு நடைகளை இந்த இரண்டையும் வைத்துத்தான் எடைபோடுகிறேன். மலையின் அழகு அதற்குப் பிறகு.

யானைமலை, அழகர்கோவில், கீழக்குயில்குடி சமணர்மலை, அரிட்டாபட்டி. நான்குமே டவுன் பஸ்ஸில் போய் அரை நாளில் திரும்பக்கூடியவை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. என் மனைவி காசில்லாத டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். சில்லறை தேடுகிறவன் நான் மட்டும்தான்.

பஸ் வசதியில் யானைமலையை எதுவும் நெருங்க முடியாது. மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடையில் இறங்கினால் போதும். திரும்பும்போது நிறுத்தத்தில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும். அங்கிருந்து நரசிங்கத்துக்கு நடந்தால் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி குடைந்த நரசிங்கப் பெருமாள் கோயில். கல்வெட்டுக் கணக்கில் கி.பி. 770. வேலை முடிவதற்குள் அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடித்துவைத்தார். பக்கத்தில் லாடன் கோயில், மேலே சமணத் தீர்த்தங்கரர்கள். சிற்பங்களின் மேல் பூசிய சுதையும் வண்ணமும் அங்கங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பார்ப்பதற்கு இவ்வளவு இருந்தும் நடப்பதற்கு அங்கே அதிகம் இல்லை. வழியெல்லாம் வீடுகள், ஸ்கூட்டர்கள், சாலையில் காயப்போட்ட துணிகள். படுத்திருக்கும் யானையை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் மேலூர்ச் சாலை பஸ்ஸின் ஜன்னல்தான் சரியான இடம். மலைக்கு அருகில் போகப் போக யானை மறைந்து பாறை மட்டும் மிஞ்சுகிறது.

அழகர்கோவில் இதற்கு நேர்மாறு. நகரத்திலிருந்து 21 கிலோமீட்டர். பஸ் கோயில் வாசலிலேயே இறக்கிவிடுகிறது. நிழலுக்குக் குறைவே இல்லை. அங்கிருந்து பழமுதிர்சோலைக்கு மலைச்சாலையில் சுமார் 3 கிலோமீட்டர், அதற்கும் மேலே நூபுரகங்கையும் ராக்காயி அம்மனும். நான் ஏறும்போது கோயில் மினி பஸ்ஸில் ஏறிவிடுவேன், இறங்கும்போது நடப்பேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஏறும்போது மூச்சு வாங்கிக்கொண்டு காட்டைப் பார்க்க முடியாது. குறை இரண்டு. முதலாவது குரங்குகள்: பையில் வாழைப்பழம் இருப்பது உங்களுக்கு முன்பே அவற்றுக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது, நடப்பது தார்ச்சாலை. வளைவுக்கு வளைவு வண்டிக்கு ஒதுங்கி நிற்க வேண்டும். கால் நோகிறவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போவதென்றால் வேறு இடம் யோசிக்கவே வேண்டாம். இறங்கியதும் கோயிலின் கறுப்பு உளுந்து தோசை இருக்கிறது. முறுகலாக எண்ணெய் வடியும் அந்தத் தோசைக்காக மட்டுமே போய் வந்த நாட்களும் எனக்கு உண்டு.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

சமணர்மலைக்குப் பெரியார் நிலையத்திலிருந்து கீழக்குயில்குடி பஸ்ஸைப் பிடிக்கலாம். அது கிடைக்காவிட்டால் தேனிச் சாலை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி விலக்கில் இறங்கி நடக்கலாம். அரை மணிக்கு மேல் ஆகும். வெயில் ஏறுவதற்குள் நடந்துவிட்டால் அது ஒரு பொருட்டில்லை. மலையடியில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். முதல் முறை போகிறவர் அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவார். அடிவாரத்தை ஒட்டிப் போனால் செட்டிப்புடவு: குகை முகப்பில் பெரிய தீர்த்தங்கரர், உள்ளே சிங்கத்தின் மேலேறி யானையோடு பொருதும் இயக்கி என்ற சமணப் பெண்தெய்வம். மறுபக்கம் படியேறினால் பேச்சிப்பள்ளம்.

பேச்சிப்பள்ளத்தில் நிதானம் வேண்டும். சுனைக்கு மேல் பாறையில் வரிசையாக எட்டு உருவங்கள். அடியில் வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள். அதில் ஒன்று அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. அச்சணந்தி என்ற துறவியின் பெயர் யானைமலையிலும் இருக்கிறது. பிள்ளையைப் பார்க்க ஒரு பஸ், தாயைப் பார்க்க இன்னொரு பஸ். அந்த வரியின் அருகே, எழுத்தைத் தொடாமல், கையைப் பாறையில் வைத்துப் பார்த்தேன். காலை ஒன்பது மணிக்கே சுட்டது. இன்னும் மேலே பாண்டியர் காலச் சமணப் பள்ளி ஒன்றின் அடித்தளமும், தீபத்தூணுக்கு அருகே ஒரு கன்னடக் கல்வெட்டும் இருக்கின்றன. மதுரைக்கு மேற்கே ஒரு மொட்டைப் பாறையின் உச்சியில் கன்னடம்!

சமணர்மலையின் பலவீனம் இதுதான்: ஏறிய வழியிலேயே இறங்க வேண்டும். மலை நீளவாக்கில் முத்துப்பட்டிப் பக்கம் வரை ஓடினாலும், முன்பின் தெரியாதவர் பாறை மேல் அந்தத் தூரத்தை நடக்கக் கூடாது. வந்த இடத்துக்கே திரும்பினால் கார்க்காரருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டமும், படியோரம் அது விட்டுப்போகும் பாட்டில் சில்லுகளும் தனி.

அரிட்டாபட்டிக்கு மேலூர் போய் அங்கிருந்து டவுன் பஸ் பிடிக்க வேண்டும். நான்கில் பஸ் மிகக் குறைவான ஊர் இது. முதல் முறை போனபோது, வந்த பஸ்ஸே மதியம் திரும்ப வரும் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். டீக்கடையில் ஒரு பெரியவரிடம் கேட்டதற்கு, “இப்போதுதான் போனது, இனிமேல் சாயங்காலம்தான்” என்றார். கேட்காமல் போனது என் பிழை. கேட்டபோது மணி பன்னிரண்டு.

அதற்குள் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்திருந்தேன். ஊர்க்காரர்கள் இடைச்சி மண்டபம் என்று சொல்லும் குடைவரைச் சிவன் கோயில். அதன் முகப்பில் ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் சிவனின் அவதாரமாகச் சொல்லப்படும், தமிழ்நாட்டில் அரிதாகவே காணக்கிடைக்கும் இலகுலீசர். கழிஞ்சமலைக் குகையின் முகப்பு விளிம்பில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து: நெல்வெளியைச் சேர்ந்த ஒருவர் இந்த ‘முழாகை’யை, அதாவது குகையை, கொடுப்பித்தார் என்கிறது. ஏழு மலைகள், 72 ஏரிகள், 200 சுனைகள் என்று அரசுக் கணக்கு சொல்கிறது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 250 வகைப் பறவைகள், அவற்றில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு என்று மூன்று வேட்டைப் பறவைகள். பாறை விளிம்பிலிருந்து எதுவோ ஒன்று கல் விழுவது போல் விழுந்ததையும், கண்மாய்க் கொக்குகள் கலைந்ததையும் நான் பார்த்தேன். எந்த வல்லூறு என்று சொல்லும் அளவுக்கு எனக்குக் கண் இல்லை.

சாயங்காலம் வரை காத்திருக்க மனமில்லாமல் மேலூர்ச் சாலையில் உள்ள நரசிங்கம்பட்டிக்கு நடந்தேன். பொடிநடையாக ஒன்றரை மணி நேரம். ஒரு பக்கம் ஆனைகொண்டான் கண்மாய், கரையில் கருவேலம், எதிரே ஒவ்வொரு திருப்பத்திலும் உருவம் மாறும் பாறை. வரப்பில் உட்கார்ந்து தூக்குச்சட்டியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, “வெயிலில் எங்கே போகிறீர்கள் தம்பி?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தண்ணீர்க் குடத்தைக் காட்டினார். தவறவிட்ட பஸ்ஸால் எனக்குக் கிடைத்தது நான்கிலும் சிறந்த நடை. இன்று வேண்டுமென்றே அப்படித்தான் போகிறேன்: காலையில் மேலூர் வழியாக உள்ளே, மதியத்துக்குள் நரசிங்கம்பட்டி வழியாக வெளியே.

நரசிங்கம்பட்டி விலக்கில் வெளியூர் பஸ்கள் நிற்காமல் பறக்கும். டவுன் பஸ்ஸுக்குத்தான் நிற்க வேண்டும். 2025 ஜனவரி 7 அன்று, அரிட்டாபட்டிப் பகுதியில் வரவிருந்த டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கானவர்கள் மதுரைத் தல்லாகுளத்துக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். அந்த மாதமே 23-ஆம் தேதி மத்திய அரசு சுரங்க ஏலத்தை ரத்து செய்தது. அது நடந்திராவிட்டால் இந்த ஒப்பீட்டில் மூன்று நடைகள்தான் இருந்திருக்கும்.

பங்குனி தொடங்கிவிட்டால் அரிட்டாபட்டியையும் சமணர்மலையையும் தள்ளிவையுங்கள், பாறை அடுப்பாகிவிடும். கார்த்திகையிலிருந்து தை வரை கண்மாயில் தண்ணீர் நிற்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். பஸ் நேரத்தைக் கைப்பேசியில் தேடாமல் டீக்கடையில் கேளுங்கள். இரண்டு பேரிடம் கேளுங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால், முன்னால் உள்ள நேரத்துக்கு நிறுத்தத்தில் இருங்கள்.