வெயில்டு பச்சோந்திக்குக் கூண்டு: மூன்று வருடம் ஓடிய பிறகு எது நின்றது, எது போனது

முதல் நாள் பார்த்தால் எல்லாப் பச்சோந்திக் கூண்டும் அழகாகத்தான் இருக்கும். செடி பச்சைப்பசேலென்று, விளக்கு பளிச்சென்று, வலை புத்தம் புதுசாக. தண்ணீர்க் குறை தெரிய மூன்று மாதம் ஆகும். விளக்குக் குறை அதைவிட மெதுவானது, கடைசியில் எலும்பில்தான் தெரியும். இது ஓர் ஆண் வெயில்டு பச்சோந்திக்குப் போட்டு மூன்று வருடம் நிறுத்தாமல் ஓடிய வலைக்கூண்டின் கணக்கு. இடம், குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அபார்ட்மென்ட் அறை.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் இருப்பது நம்ம வெயில் இல்லை, முக்காடு. தலைமேல் நிற்கும் கொண்டைக்காக வந்த பெயர். ஏமனிலும் சவூதியின் தென்மேற்கு மலைப்பகுதியிலும் வாழும் இனம். அங்கே பகல் காய்ந்திருக்கும், இரவில் பனிமூட்டம் ஏறும். கூண்டு அமைப்பு முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மூர் வேலியில் ஊரும் பச்சோந்தி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். வெயில்டு மாதிரி சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருந்தால் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். காகிதம் இல்லாமல் விற்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

அளவு: 60 செ.மீ. அகலம், 60 ஆழம், 120 உயரம். வளர்ந்த ஆணுக்கு இதுவே குறைந்தபட்சம். 40க்கு 40க்கு 75 அளவில் விற்கும் கூண்டு குட்டிக்குச் சரி, சில மாதத்தில் போதாமல் போகும். சின்னக் கூண்டில் பல்பு போட்டால் மேலிருந்து கீழ்வரை ஒரே சூடு. விலங்கு ஒதுங்க இடம் இருக்காது. 120 உயரத்தில் மேலே 29 டிகிரி, கீழே 22 என்று படிப்படியாக இறங்கும். கூண்டை 60 செ.மீ. ஸ்டாண்டில் ஏற்றுங்கள். உச்சிக் கிளை நம் கண்ணுக்கு மேலே இருந்தால் பச்சோந்தி அமைதியாக இருக்கும். மேலிருந்து குனிந்து பார்க்கும் எதுவும் அதற்குப் பருந்துதான். ஒரு கூண்டுக்கு ஒன்றே ஒன்று. ஜோடி சேர்த்து வைப்பது சண்டையிலும் பட்டினியிலும் முடியும். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைக்கூட எதிரி என்று நினைத்துக் கறுத்துப் போகும்.

வலை அலுமினியமாக இருக்கட்டும். ஃபைபர் வலையை, தீனியாகப் போடும் கிரிக்கெட் பூச்சிகள் மூலையில் கடித்து ஓட்டை போட்டுவிடும்.

இனி தண்ணீர். அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் இது. சிறிய பம்ப்போடு வரும் மிஸ்டிங் அமைப்பில் (தண்ணீரைப் பனிபோல் தெளிப்பது) ஒரு நாசில், அதாவது தெளிப்பு முனை, நிமிடத்துக்கு 80, 90 மி.லி. தெளிக்கும். இரண்டு நாசில், விடியலில் 2 நிமிடம், விளக்கு அணையும் முன் 2 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு 700 மி.லி. பகலில் சொட்டுக் குழாய் வைத்தால் இன்னொரு அரை லிட்டர். பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு குடம் தண்ணீரைக் கூண்டுக்குள் ஊற்றுகிறீர்கள். கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் செடி குடிக்கும், மிச்சம் எங்கே போகும்? கூண்டோடு வரும் தரைத்தகடு மெல்லிய பிவிசி. இரண்டு மாதத்தில் நடுவில் குழிந்து குளமாகும். அந்தக் குளத்தில் எச்சமும் செத்த பூச்சியும் ஊறி நாற்றம் எடுக்கும், அப்புறம் மரத்தரை உப்பும்.

தகடு குழிவதைத் தடுக்கப் போராட வேண்டாம், அந்தக் குழிவையே பயன்படுத்திக்கொள்ளலாம். நடுவில் 12 மி.மீ. துளை போட்டு, மேலே சின்ன ஸ்டீல் வலைத்துண்டு. அது இல்லாவிட்டால் பூச்சி இறங்கிப்போகும், இலை அடைத்துக்கொள்ளும். தகட்டுக்குக் கீழே விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு. வாஷிங் மெஷினுக்கு அடியில் வைக்கும் தட்டு இதற்குக் கச்சிதம். தட்டின் பின்பக்கம் ஒரு செ.மீ. முட்டுக்கொடுத்து முன்பக்கம் சரியுங்கள். சரிந்த மூலையில் வாஷர் போட்ட 20 மி.மீ. இணைப்பு, அதிலிருந்து குழாய், கீழே மூடி போட்ட 15 லிட்டர் வாளி. குழாய் நேராக இறங்க வேண்டும். எங்காவது வளைந்து தொய்ந்தால் அங்கே பாசி கட்டும், தண்ணீர் பின்வாங்கும், ஒருநாள் காலை தரை நனைந்திருக்கும். மாதம் ஒருமுறை சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். மூன்று வருடத்தில் மொத்த அமைப்பில் மாற்றவே தேவைப்படாதது இந்த வடிகால்தான். செலவும் இதற்குத்தான் ஆகக் குறைவு.

தரையில் மண், மரத்தூள் எதுவும் வேண்டாம். வெறும் தகடுதான் துடைக்க எளிது.

மிஸ்டிங்குக்கு டைமர் வாங்கும்போது நொடிக்கணக்கில் வைக்கக்கூடிய டிஜிட்டல் டைமராகப் பாருங்கள். பல் தள்ளும் சாதா டைமரில் ஆகக் குறைந்த அளவே 15 நிமிடம். இரண்டு நாசில் 15 நிமிடம் ஓடினால் இரண்டரை லிட்டர் ஒரே மூச்சில் இறங்கும்.

பச்சோந்தி கிண்ணத்துத் தண்ணீரைக் குடிக்காது, இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும். அதனால் நாசில் தெளிப்பது இலைமேல் விழ வேண்டும். குழாய்த் தண்ணீர் விட்டால் நாசில் நுனியில் வெள்ளைப் பொருக்கு படிந்து, பனிபோல் வருவது பீய்ச்சலாக மாறும். ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப் போட்டால் திரும்ப வரும். ஆர்ஓ தண்ணீர் என்றால் இந்த வேலையே இல்லை.

ஹீட்டர் அறையில் காற்று 20, 25 சதவீத ஈரப்பதத்துக்கு வறண்டு போகும். மூன்று பக்கமும் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெளியிலிருந்து ஒட்டி, முன்பக்கமும் மேல்பக்கமும் திறந்து விடுங்கள். பகலில் 30 முதல் 50 சதவீதம், இரவில் 80க்கு மேல். இரவு ஈரத்துக்கு ஃபாகர், அதாவது பனிமூட்டம் விடும் கருவி. ஆனால் நிபந்தனை உண்டு: அறை 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் பனிமூட்டம் போடலாம். சூடும் ஈரமும் சேர்ந்து காற்று நகராமல் நின்றால் நுரையீரல் தொற்று வரும். வாயைத் திறந்து தலையை நிமிர்த்தி மூச்சு விடுவதும், வாயோரத்தில் குமிழியும் அதன் அடையாளம். ராத்திரியும் 28 டிகிரி நிற்கும் ஊரில் ஃபாகரை மறந்துவிடுங்கள். ஃபாகரின் தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவாவிட்டால் அது பனியைத் தெளிக்காது, பாக்டீரியாவைத்தான் தெளிக்கும். விரலால் உட்சுவரைத் தடவிப் பாருங்கள், வழுவழுவென்றால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். உழைப்பைக் கணக்கிட்டால் ஃபாகர் அவ்வளவு மதிப்புள்ள சாமான் இல்லை. இரவில் ஒரு தெளிப்பு கூட்டினாலே பாதி வேலை முடியும்.

அடுத்து யுவிபி விளக்கு, அதாவது எலும்பு வலுவுக்குத் தேவையான புற ஊதாக் கதிரைத் தருவது. நீளமான டி5 ஹெச்ஓ குழல் (கூடுதல் திறனுள்ள மெல்லிய டியூப்லைட்), யுவிபி 6 சதவீதம் என்று குறித்தது, பின்னால் பளபளப்பான தகடு உள்ள பட்டியில். சுருள் பல்பு கேட்கவே கேட்காதீர்கள்; கைப்பிடி அகலத்துக்குத்தான் அதன் கதிர் போய்ச் சேரும். குழல் வலைமேல் கிடக்க, விலங்கின் முதுகு அதிலிருந்து 20 முதல் 23 செ.மீ. கீழே வரும்படி உச்சிக் கிளையைக் கட்டினால் புற ஊதாக் குறியீடு 3க்குப் பக்கத்தில் வரும். வலையே மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும் என்பதை மறக்கக் கூடாது. சோலார்மீட்டர் 6.5 என்ற கருவி இதைத்தான் அளக்கிறது. விலை கூடுதல், நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம்.

குழல் கெட்டுப்போவது கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் அப்படியே இருக்கும், யுவிபி மட்டும் தேய்ந்துகொண்டே போகும். மாட்டிய தேதியைக் குழலின் ஓரத்தில் மார்க்கரால் எழுதிவிட்டு, 12 மாதத்தில் எரிந்துகொண்டிருந்தாலும் கழற்றுங்கள். இதைத் தள்ளிப்போட்டவர்களின் பச்சோந்திகளுக்குத்தான் முன்னங்கால் வளைகிறது, தாடை ரப்பர் மாதிரி மடங்குகிறது. ஜன்னல் வெயில் படுகிறதே என்ற வாதமும் செல்லாது. யுவிபி கண்ணாடியைத் தாண்டாது.

சூட்டுக்குச் சாதா 50 வாட் ஹாலோஜனே போதும். ஆணுக்கு 29 டிகிரி, பெண்ணுக்கு 27. அளக்க வேண்டியது கிளையை அல்ல, விலங்கின் முதுகு நிற்கும் உயரத்தை. ஆய்வுமுனை வயர் உள்ள டிஜிட்டல் வெப்பமானியை அந்த உயரத்தில் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். வட்ட முள் வைத்து ஒட்டும் வகை அலங்காரத்துக்கு மட்டும். ‘வெயில்டு’ என்பதால் வெயில் பிரியர் என்று 100 வாட் போட்டு, பல்பை வலைமேலேயே உட்கார வைப்பதுதான் வழக்கமான தவறு. விலங்கு மேல்வலையில் தலைகீழாகத் தொங்கும் பழக்கம் உடையது. சுடுகிறது என்று சட்டென விலகாது. முதலில் கருகுவது கொண்டையின் நுனி. உடம்பு நிறம் மாறும்போதும் அங்கே மட்டும் ஒரு கருந்திட்டு மாறாமல் நிற்கும். பல்பை வலைக்கு மேல் ஒரு சாண் தூக்கி நிறுத்தினால் இந்தப் பிரச்சினை வராது. காலையில் மூன்று, நாலு மணி நேரம் எரிந்தால் போதும். குழல் 12 மணி நேரம். ராத்திரி முழு இருட்டு, சிவப்பு பல்புகூடக் கூடாது.

கிளைகள் பென்சில் கனத்திலிருந்து கட்டைவிரல் கனம் வரை, பெரும்பாலும் கிடையாக. பச்சோந்தியின் காலுக்கு அவ்வளவுதான் பிடி, கிளையைச் சுற்றி வளைக்க முடிய வேண்டும். வலை எடை தாங்காது. சட்டத்தில் துளையிட்டுக் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். வலையில் கட்டிய தொட்டிச் செடி ஒரு வருடத்தில் வலையைக் கிழித்துக்கொண்டு இறங்கும். டையின் வெட்டிய நுனி உள்ளே நீட்டக் கூடாது, கண்ணைக் குத்தும்.

வெயில்டு இலையும் தின்னும். பிளாஸ்டிக் இலையையும் அப்படியே கடித்து விழுங்கி குடல் அடைத்துக்கொள்ளும். அதனால் நிஜச் செடி மட்டும். செம்பருத்தி, மணி பிளான்ட், குடைபோல் விரியும் ஷெஃப்ளெரா மூன்றும் நின்று பிடித்தன. செம்பருத்திக்கு எல்இடி வெளிச்சம் கூடுதலாகத் தேவைப்பட்டது. பூவைப் பச்சோந்தி எடுத்துக் கடிக்கும் வேகமே தனி. அரளி பக்கத்திலேயே வரக் கூடாது. நர்சரிச் செடியின் மண்ணைக் கழுவி, உரமில்லாத மண்ணில் மாற்றி, மேலே விலங்கின் தலையைவிடப் பெரிய கூழாங்கற்களைப் பரப்புங்கள். தொட்டி மண்ணில் கலக்கும் பெர்லைட்டின் வெள்ளை மணிகளை நாக்கு நீட்டி எடுத்துவிடும்.

தீனிக்கு நேர்ச்சுவர் உள்ள கோப்பையைக் கிளை உயரத்தில் கட்டுங்கள். கூண்டில் சிதறவிட்ட கிரிக்கெட்டுகள் இரவில் தூங்கும் விலங்கைக் கடிக்கும். ஒவ்வொரு வேளையும் பூச்சிமேல் வைட்டமின் டி3 இல்லாத கால்சியத் தூள், மாதம் இருமுறை டி3 சேர்ந்த சத்துத்தூள்.

பெண் பச்சோந்தி என்றால் 30 செ.மீ. ஆழ வாளியில் கழுவிய மணல், கையால் குடைந்தால் சுரங்கம் இடியாத ஈரத்தில். ஆண் இல்லாமலேயே முட்டை வைக்கும். ஐந்தாறு மாத வயதில் தொடங்கலாம். மணல் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிர் போகும்.

மின்வயர் எல்லாமே பிளக்குக்கு வருமுன் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேற வேண்டும். தண்ணீர் வயர் வழியே ஓடி வந்தாலும் வளைவின் அடியில் சொட்டிவிடும். பிளக் பட்டியைச் சுவரில் உயரத்தில் திருகுங்கள்.

மூன்று வருடத்தில் மாற்றியவை: யுவிபி குழல் வருடத்துக்கு ஒன்று, நாசில் இரண்டு, ஃபாகர் ஒருமுறை, கதவுத் தாழ்ப்பாள் ஒருமுறை. பணம் வீண் என்று சொல்லத்தக்கவை குட்டி அருவி பொம்மையும் சூடேறும் கல்லும். அருவி, எச்சம் கலந்த அதே தண்ணீரைத்தான் சுற்றிச் சுற்றி விடுகிறது.

எல்லாம் கட்டி முடித்ததும் விலங்கைக் கொண்டுவர அவசரப்பட வேண்டாம். இரண்டு வாரம் காலியாகவே ஓடட்டும். காலை எழுந்ததும் வாளியைத் தூக்கிப் பாருங்கள், கூண்டுக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள். வாளி கனத்து, தரை உலர்ந்திருந்தால் பச்சோந்தியைக் கூட்டி வரலாம்.