புத்தூரில் எடுத்த அறையும் நல்லூர்த் தேரும்

அடுத்த ஆவணியில் யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போக நினைப்பவர்கள், முக்கியமாக வயதான அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், அறை எடுக்கும் முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

25 நாள் திருவிழாவின் கடைசிக் கிழமையில் கோயிலைச் சுற்றியுள்ள விடுதிகளில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் இரவுக்கு 10,000, 12,000 ரூபாய் கேட்கிறார்கள். நானும் அம்மாவும் எடுத்த அறை 4,500 ரூபாய். 'நல்லூருக்கு அண்மையில், அமைதியான சூழல், ஏசி, சுடுதண்ணீர்' என்று அறிவித்தலில் இருந்தது. படங்களும் நன்றாகத்தான் இருந்தன.

வீடு இருந்ததோ புத்தூரில். பருத்தித்துறை வீதியில் கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி எல்லாம் தாண்டிப் போய், அதற்குப் பிறகும் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஒழுங்கைக்குள் இறங்க வேண்டும். நல்லூரிலிருந்து 10 கிலோமீற்றருக்கு மேல். வரைபடத்தில் அவர்கள் போட்டிருந்த புள்ளி கோயிலுக்குப் பக்கத்தில்தான் நின்றது. உண்மையான லொகேஷனை, முழுக் காசும் கட்டிய பிறகுதான் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள்.

பகலில் பெரிய கரைச்சல் இல்லை. ஒழுங்கை முகப்பில் நின்றால் யாழ்ப்பாணம் போகிற மினிபஸ் வரும், அரசாங்கத்தின் இ.போ.ச. பஸ்ஸும் வரும். இரவுதான் பாடு. மாலைத் திருவிழா பார்த்து, வீதியில் கொஞ்ச நேரம் இருந்து, கச்சானும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் பஸ் ஓடி முடிந்திருக்கும். ஓட்டோவுக்கு ஒரு வழி 1,500 ரூபாய். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போய்வந்தால் 6,000. அறைக் காசோடு சேர்த்தால் 10,500. நல்லூரடியிலேயே அறை எடுத்து நடந்து போயிருக்கலாம். ஏசிக்குத் தனியாக 1,500 என்று அங்கே போன பிறகு சொன்னார்கள். அதைக் கட்டவில்லை, ஃபானோடு சமாளித்தோம். நுளம்பு வலையில் இருந்த ஓட்டையை யாரோ இறப்பர் பட்டி போட்டு முடிந்து வைத்திருந்தார்கள். துவாய் ஈரம் காயாமல் மணத்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் இல்லாமல் என்ன செய்வது? பைப்பைத் திறந்தால் முதலில் காற்று சீறும், பிறகு செம்மண் நிறத்தில் விரல் மொத்தத்துக்குத் தண்ணீர் ஒழுகும், பிறகு அதுவும் நின்றுவிடும். வந்த தண்ணீரும் உவர். சவர்க்காரம் நுரைக்கவே இல்லை. கோயிலுக்குப் போகிற அம்மா தலை முழுக முடியாமல் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பக்கம் தண்ணீர் ஏன் அப்படி என்பது ஊர்க்காரருக்குத் தெரியாததல்ல. நிலாவரைக் கிணறு அங்கிருந்து கிட்டத்தான். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்று அதைப்பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். யாழ் குடாநாடு முழுக்க ஏறக்குறைய அதே கதைதான். சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் கிணறு நிரம்பும்; சோளகம் அடித்து ஓயும் ஆவணியில் மட்டம் நன்றாக இறங்கிவிடும். அப்போது மோட்டரைப் போட்டு விடாமல் இழுத்தால் உவர் ஏறத்தான் செய்யும். திருவிழாவுக்கு ஆட்கள் நிறைகிற மாதமும் அதே மாதம். ஆறு அறைகளுக்கும் சேர்த்து ஒரு சின்னத் தாங்கியை வைத்துக்கொண்டு எல்லா அறையையும் கொடுப்பது அநியாயம். ஒரு பவுசர் தண்ணீர் இறக்கியிருந்தாலே போதும்.

வீட்டைப் பார்க்க இருந்தது ஒரே ஒரு பொடியன். ரூம் கூட்டுவது, தேத்தண்ணி போடுவது, கேற் திறப்பது எல்லாம் அவன்தான். தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது முகம் வாடிவிட்டது. "அண்ணை, ரெண்டு மாசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறன். வெளிநாட்டில இருந்து வீட்டுக்காரர் ஓமெண்டு சொன்னால்தான் நான் மோட்டரில கை வைக்கலாம்" என்றான். பிறகு தானாகவே பக்கத்து வளவுக் கிணற்றிலிருந்து அம்மாவுக்கு இரண்டு வாளி அள்ளிக்கொண்டு வந்து வைத்தான்.

தேரன்று நடந்ததுதான் இன்னும் மனதில் நிற்கிறது. நல்லூரில் நேரமென்றால் நேரம். யாருக்காகவும் பூசை பிந்தாது. விடியமுன் வருவதாகச் சொன்ன ஓட்டோ வரவில்லை. தேரன்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓட்டோ கிடைக்குமா? பொடியன் ஊருக்குள் ஓடித் தெரிந்த ஒருவரை எழுப்பிக் கூட்டி வந்தான். கோயிலைச் சுற்றி வாகனம் விடுவதில்லை, அதனால் தூரத்திலேயே இறங்கி நடக்க வேண்டியிருந்தது. அம்மாவின் முழங்காலுக்கு அந்த நடை சரிவரவில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது தேர் இருப்பிடத்தை விட்டு வெளிக்கிட்டுத் தெற்கு வீதிக்குத் திரும்பிவிட்டது. சுவாமி தேரேறுவதைக் கண்ணால் காண வேண்டும் என்றுதான் அம்மா இவ்வளவு தூரம் பறந்து வந்தார்.

இன்று யாழ்ப்பாணத்தில் இப்படிப்பட்ட வீடுகள் பல, வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்களுடையவை. பூட்டிக் கிடக்கும் வீட்டை வாடகைக்கு விடுவது நல்ல விஷயம். ஊரில் நாலு பேருக்கு வேலையும் கிடைக்கும். ஆனால் அங்கே நிற்கிறவரிடம் ஒரு மோட்டரைத் திருத்தும் அளவுக்காவது காசும் அதிகாரமும் கொடுத்து வையுங்கள். புத்தூர் என்றால் புத்தூர் என்றே போடுங்கள். நிலாவரை பார்க்கவும் தோட்டக் காற்றில் நாலு நாள் இருக்கவும் விரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தூரத்தைத் தெரிந்துகொண்டே வருவார்கள்.

அறை எடுக்கிறவர்கள் காசு கட்டும் முன் லொகேஷனைக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஆவணியில் தண்ணீர் எப்படி என்பதை விடுதிக்காரரிடம் கேட்காமல் அந்த ஊரில் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள்.

திரும்பி வந்த பிறகு உரிமையாளருக்கு எல்லாவற்றையும் விளக்கமாக எழுதினேன். மோட்டர் மாற்றுவதாகப் பதில் போட்டார். தூரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுப் பார்த்தேன், அறிவித்தலில் இன்னும் 'நல்லூருக்கு அண்மையில்' என்றுதான் இருக்கிறது.